விரல் அறிந்தால் போதுமா?

கிட்டார் கற்கும் மாணவர்களுக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. ஸி மேஜர் ஸ்கேலின் ஏழு சுரங்களையும் பிழையின்றி வாசிக்கிறார்கள். ஆனால் நண்பர் ஒருவர் உடன் 'கார்டு' வாசித்தால், அதே சுரங்களில் சில இனிக்கின்றன, சில உறுத்துகின்றன. விரலில் தவறில்லை. பின் ஏன் இப்படி?

சுருதி கூட்டிய கிட்டாரில் நீங்களே சோதித்துப் பாருங்கள். முதல் தந்தியை அழுத்தாமல் மீட்டினால் 'ஈ' சுரம் ஒலிக்கும். அதன் அதிர்வெண் ஏறத்தாழ 330 ஹெர்ட்ஸ். இரண்டாம் தந்தியை 5-ஆம் ஃபிரெட்டில் அழுத்தி, இரண்டையும் சேர்த்து மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுரமாதலால் ஒன்றாகக் கலந்துவிடும். இப்போது விரலை 6-ஆம் ஃபிரெட்டுக்கு நகர்த்துங்கள். இது 'எஃப்' சுரம்; 349 ஹெர்ட்ஸ். ஒலி கரகரக்கிறதல்லவா?

இரு அதிர்வெண்களின் வேறுபாடு ஏறக்குறைய 20. எனவே ஒலி நொடிக்கு 20 முறை ஏறி இறங்குகிறது. இயற்பியலில் படிக்கும் 'விம்மல்கள்' இவையே. இவ்வளவு விரைவான விம்மல்களைக் காதால் எண்ண முடியாது, கரகரப்பாகவே உணர்கிறோம். ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். இனி 8-ஆம் ஃபிரெட்டை அழுத்துங்கள். இது 'ஜி', 392 ஹெர்ட்ஸ். அதிர்வெண்கள் ஏறத்தாழ 5:6 என்ற விகிதத்தில் அமைவதால் ஒலி இனிமையாகப் பொருந்துகிறது.

ஸி மேஜர் கார்டில் ஸி, ஈ, ஜி ஆகிய சுரங்கள் உள்ளன. அதன்மேல் 'எஃப்' நீண்டு நின்றால் 'ஈ' சுரத்தோடு மோதும். கார்டு எஃப் மேஜராக மாறினால், அதில் உள்ளவை எஃப், ஏ, ஸி. சற்று முன் உறுத்திய சுரமே இப்போது அடிப்படைச் சுரம்! சுரம் மாறவில்லை; அதன் உறவுதான் மாறியது.

இந்த உறவைச் செவி அறிய ஒரு பயிற்சி:

1. நண்பர் ஸி மேஜர் கார்டை மீண்டும் மீண்டும் மீட்டட்டும். நீங்கள் ஸ்கேலை மெல்லப் பாடுங்கள். ஒவ்வொரு சுரத்திலும் நின்று, அது அமைதியாக நிற்கிறதா, நகரத் துடிக்கிறதா என்று கவனியுங்கள்.

2. எஃப் மேஜர், ஜி மேஜர் கார்டுகளோடும் இதையே செய்யுங்கள்.

3. கண்களை மூடிக்கொள்ளுங்கள். கார்டின்மேல் நண்பர் வாசிக்கும் ஒரு சுரத்தைப் பாடிக் காட்டி, அதன் பெயரைச் சொல்லுங்கள்.

நாள்தோறும் பத்து நிமிடம் போதும். உறுத்தும் சுரத்தைத் தவறென்று ஒதுக்கிவிடாதீர்கள். ஸி மேஜர் கார்டின்மேல் 'எஃப்' வாசித்து, 'ஈ' சுரத்துக்கு இறங்கிப் பாருங்கள். வெளியே சென்றவர் வீடு திரும்பியது போல் இருக்கும். எங்கே நிற்பது, எங்கே நகர்வது என்பதை விரலுக்குச் சொல்ல வேண்டியது செவிதான்.