வர்க்க எண்களை எண்ணும் வழி



தோட்டத்து நாற்றுப் பண்ணையில் கன்றுப் பைகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வரிசைகள் எத்தனையோ அத்தனை பைகளே ஒவ்வொரு வரிசையிலும் இருக்குமானால், அவ்வடுக்கு முழுச் சதுரமாக அமையும். 10 வரிசை, வரிசைக்கு 10 பை எனில் மொத்தம் 100. இவ்வாறு ஒரு முழு எண்ணை அதே எண்ணால் பெருக்கக் கிடைப்பது வர்க்க எண் ஆகும். பெருக்கப்பட்ட எண் அதன் வர்க்கமூலம் எனப்படும்.

இனி ஒரு கணக்கு. 100 முதல் 500 வரை எத்தனை வர்க்க எண்கள் உள்ளன?

இதற்காக 401 எண்களையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கப் புகுதல் வீண் உழைப்பாகும். வர்க்க எண்களைத் தேட வேண்டா. அவற்றின் மூலங்களை எண்ணினாலே போதும்.

100இன் மூலம் 10. 500க்கு முழு எண்ணாக மூலம் இல்லை. 20 × 20 = 400; 30 × 30 = 900. எனவே 20ஐ அடுத்துள்ள எண்களைப் பெருக்கிப் பார்ப்போம். 22 × 22 = 484; 23 × 23 = 529. பின்னது எல்லையைக் கடந்துவிட்டது. ஆகவே, 10 முதல் 22 வரையுள்ள மூலங்களே நமக்கு உரியவை.

கவனிக்க வேண்டிய இடம்

22இலிருந்து 10ஐக் கழித்து 12 என எழுதுதல் பிழையாகும். அவ்வாறு கழித்தால், சேர வேண்டிய 10உம் நீங்கிவிடும். அதற்கு முந்திய 9ஐயே கழித்தல் வேண்டும். 22 − 9 = 13. இதுவே சரியான விடை.

வினாவின் சொற்களையும் ஊன்றிப் படியுங்கள். ‘100 முதல் 400 வரை’ எனில் இரு முனைகளும் சேரும், மூலங்கள் 10 முதல் 20 வரை, விடை 11. ‘100க்கும் 400க்கும் இடையே’ எனில் இரு முனைகளும் சேரா, மூலங்கள் 11 முதல் 19 வரை, விடை 9. வாய்ப்பாட்டை மனப்பாடமாக அறிந்த மாணவரும் இந்த ஒரு சொல்லைக் கவனியாமையால் மதிப்பெண்ணை இழப்பதுண்டு.

இடைவெளி பெருகும்

1, 4, 9, 16, 25 என்னும் வர்க்க எண்களின் இடைவெளி 3, 5, 7, 9 என வளர்ந்துகொண்டே செல்கிறது. ஆதலால், எண்கள் பெரிதாகப் பெரிதாக வர்க்க எண்கள் அருகி வரும். 1 முதல் 100 வரை 10 உள்ளன; 101 முதல் 200 வரை 4; 901 முதல் 1000 வரை 961 ஒன்றே. முதல் நூறில் 10 இருப்பதால் ஆயிரத்தில் 100 இருக்கும் என்று கருதிவிடலாகாது. 1 முதல் 1000 வரை உள்ளவை 31 மட்டுமே.

பயிற்சி

1. 300 முதல் 700 வரை எத்தனை வர்க்க எண்கள்?
2. 1500 முதல் 2500 வரை எத்தனை?
3. 144க்கும் 900க்கும் இடையே எத்தனை?

பெற்றோர்களே, மாலையில் சிறிது நேரம் பிள்ளைகளின் அருகில் அமர்ந்து, விடையை அவர்கள் எவ்வாறு கண்டனர் என்பதைச் சொல்லச் செய்யுங்கள். வழியைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு எண்கள் மாறினாலும் கணக்குத் தவறாது.

விடைகள்: 1) 9  2) 12  3) 17