வல்லரசுகளின் வெளிநாட்டுக் கொள்கை: உலகநலமோ, தன்னலமோ?

புதுவையை அடுத்துள்ள மூலக்குளம் யான் பிறந்து வளர்ந்த ஊர். விடுமுறை கழிந்து கல்லூரிக்குத் திரும்புங்கால் விழுப்புரஞ் செல்லும் பேருந்தில் ஏறுவது வழக்கம். வில்லியனூர் புதுச்சேரியைச் சேர்ந்தது. அதனைத் தாண்டிச் சிறிது சென்றால் கண்டமங்கலம், அது தமிழ்நாடு. திருபுவனையில் மீண்டும் புதுச்சேரி. மதகடிப்பட்டைக் கடந்தபின் மறுபடியும் தமிழ்நாடு. இவ்வெல்லைகளை வகுத்தது மலையுமன்று, மொழியுமன்று. இருபுறத்தும் விளைவது ஒரே நெல். வழங்குவது ஒரே தமிழ். "இங்ஙனம் துண்டு துண்டாக வெட்டியவர் யார்?" என்று சிறுவயதில் என் பாட்டனாரை வினவினேன். "வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள்ளே பேசி முடித்துக்கொண்டது. நம்மை யார் கேட்டார்கள், ராசா?" என்றார் அவர். அச்சொல்லே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

வலிமை மிக்க நாடொன்று பிறநாடுகளோடு நட்பும் பகையும் கொள்ளும் நெறியையே வெளிநாட்டுக் கொள்கை என்கிறோம். அந்நெறி உலகநலங் கருதியதா, தன்னலங் கருதியதா என்பது வினா. ஒரு சாரார், வல்லரசுகள் அமைதியையும் உரிமையையும் காக்கவே முற்படுகின்றன என்பர். அவ்வரசுகளின் அறிக்கைகளையே அதற்குச் சான்றாகவுங் காட்டுவர். மற்றொரு சாரார், அவையனைத்தும் வெறும் பசப்பு மொழிகள் என்று ஒதுக்குவர். திருவள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரத்தில், ஒருவரது பெருமைக்கும் சிறுமைக்கும் அவர்தம் செயலே உரைகல் என்று காட்டுகின்றார். தனிமனிதர்க்குக் கூறிய அவ்வளவை நாடுகளுக்கும் பொருந்துவதே. ஆகலின் நெடுந்தொலைவு செல்லாது, நம் புதுவையின் வரலாற்றையே அக்கல்லில் உரைத்துப் பார்ப்போம்.

ஐரோப்பாவில் ஆஸ்திரிய நாட்டு அரசுரிமை பற்றி எழுந்த போரில் பிரஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் எதிரெதிர் நின்றனர். அப்போர் காரணமாக, 1746-ஆம் ஆண்டில் பிரஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர்; 1748-இல் ஆங்கிலேயர் புதுவையை முற்றுகையிட்டு, அதனைக் கொள்ளமாட்டாது மீண்டனர். அவ்வாண்டிலேயே எக்ஸ்-லா-ஷபேல் என்னும் நகரில் உடன்படிக்கை எழுதப்பட்டது. அதன்படி சென்னை ஆங்கிலேயர்க்குத் திரும்பிற்று. அதற்கு ஈடாக, வட அமெரிக்காவில் பனிக்கடலோரத்தேயுள்ள லூயிஸ்பர்க் என்னுங் கோட்டை பிரான்சுக்குத் திரும்பிற்று. சென்னையில் வாழ்ந்த நெசவாளரோ, வணிகரோ, படகோட்டிகளோ அக்கோட்டையின் பெயரையேனும் கேட்டிருப்பாரா? சந்தையில் ஆட்டைக் கொடுத்து மாட்டைப் பெறுவார்போல, மக்கள் வாழும் நகரங்களை மாற்றிக்கொண்டனர். அக்காலத்துப் புதுவை நிகழ்ச்சிகளை நாடோறும் எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை 1761 ஜனவரியில் மறைந்தார். சின்னாட்களில் நகரம் ஆங்கிலேயர் கைப்பட்டு, கோட்டையும் மாளிகைகளும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. 1758-இல் பிரஞ்சுத் தளபதி லாலி கடலூர்ப் புனித டேவிட் கோட்டையை இடித்ததற்கு இது பழிக்குப் பழி. இரு வல்லரசுகளின் சினத்தினிடையே வீடிழந்தவர் தமிழ்மக்கள்.

இவை வெளிப்படையான தன்னலச் செயல்கள்; இவற்றை உலகநலமென்று எவருங் கூறார். இனி, உயர்ந்த நோக்கமென்று போற்றப்படுவதொன்றை நோக்குவோம். 1778-ஆம் ஆண்டில் பிரான்சு, ஆங்கிலேயரை எதிர்த்து விடுதலைக்குப் போராடிய அமெரிக்கரோடு நட்புடன்படிக்கை செய்துகொண்டது. விடுதலைக்கு உதவுதல் நல்லறமன்றோ? ஆயினும் அவ்வுதவியைச் செய்த அரசு தன் குடிகளுக்கு அத்தகைய உரிமையை அளிக்காத முடியரசு. 1763-இல் தான் பட்ட தோல்விக்கு ஈடுசெய்து, இங்கிலாந்தின் வலிமையைக் குறைப்பதே அதன் உட்கருத்து. அதன் விளைவு கடல்கடந்து இங்கு வந்தது. அவ்வாண்டிலேயே ஆங்கிலத் தளபதி மன்றோ புதுவையை முற்றுகையிட்டு, அக்டோபரில் கைக்கொண்டார். அமெரிக்கர் விடுதலை பெற்றனர். அது மெய்யான நன்மையே. அதன் விலையில் ஒரு பங்கைச் செலுத்தியவர் புதுவை மக்கள். அவரை எவருங் கேட்டிலர். நோக்கம் தன்னலமாயினும் பயன் நன்மையாதல் கூடும் என்பதும், ஒருவர்க்கு நன்மையாவது மற்றொருவர்க்கு இடராதல் கூடும் என்பதும் இதனாற் பெறப்படும்.

இன்னுமோர் எடுத்துக்காட்டு. அடிமை வாணிகத்தை 1807-இல் இங்கிலாந்து விலக்கியது. 1848-இல் பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. இவை மாந்தர்குலம் போற்றத்தக்க செயல்கள் என்பதில் ஐயமின்று. ஆயின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! பிரஞ்சுத் தோட்டக்காரர் ஆப்பிரிக்கரை விலைகொடுத்து மீட்டு, ஒப்பந்தக் கூலிகள் என்று பெயரிட்டுக் கொணர்ந்தனர். பெயர் மாறிய அடிமை வாணிகமே இது என்று இங்கிலாந்து கடிந்தது. முடிவில் 1860, 1861-ஆம் ஆண்டுகளில் இரு நாடுகளும் உடன்பட்டன: பிரான்சு ஆப்பிரிக்காவை விட்டுவிடும், அதற்கு மாறாக, ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட இந்தியரைத் தன் தீவுகளுக்கு அழைத்துச் செல்லலாம். புதுவைத் துறையிலும் காரைக்கால் துறையிலும் நம்மவர் கப்பலேறி ரியூனியன், மார்த்தினீக், குவாதலூப் தீவுகளுக்குச் சென்றனர். ஆப்பிரிக்கர்க்கு விளைந்த நன்மைக்கு நிகராகத் தராசின் மறுதட்டில் வைக்கப்பட்டவர் தமிழர். கூலிகளைக் காக்கும் விதிகள் அவ்வுடன்படிக்கையில் இருந்தன. அவை மீறப்பட்டன என்னும் முறையீடுகள் பெருகியமையால், 1882-இல் இங்கிலாந்து ரியூனியனுக்கு ஆளனுப்புதலை நிறுத்தியது. அங்ஙனம் நிறுத்தியதையும் நாம் மறைத்தல் நேர்மையன்று. எனினும் ரியூனியன் தீவில் 'மலபார்' என்றழைக்கப்படும் தமிழ் வழித்தோன்றல்கள் இன்றும் அவ்வுடன்படிக்கைக்குச் சான்றாக வாழ்கின்றனர்.

அங்ஙனமாயின் வல்லரசுகளால் உலகுக்கு நன்மையே விளைந்ததில்லையோ எனின், அவ்வாறு கூறுதலும் நடுநிலையாகாது. பெரியம்மை என்னுங் கொடுநோய் ஊர்கள்தோறும் உயிர்களை வாரிக்கொண்டு சென்றதை நம் முன்னோர் அறிவர். 1958-இல், உலக சுகாதாரப் பேரவையில், இந்நோயை உலகினின்றே ஒழிக்கவேண்டுமென்று சோவியத் நாடு முன்மொழிந்தது. அந்நாளில் அமெரிக்காவும் சோவியத் நாடும் கீரியும் பாம்பும்போல் இருந்தன. இருப்பினும் இம்முயற்சியில் இருவரும் கைகோத்தனர். ஒருவர் அம்மைப்பால் வழங்கினர், மற்றொருவர் வல்லுநரையும் பொருளையும் உதவினர். 1975-இல் இந்தியா அந்நோயினின்று நீங்கிற்று. 1980-இல் உலகமே நீங்கிற்றென்று அறிவிக்கப்பட்டது. இதிலும் தன்னலம் இல்லாமலில்லை. அண்டை வீட்டுத் தீயை அணைப்பவன் தன் கூரையையுங் காத்துக்கொள்கிறான். ஆயின் ஒரு வேற்றுமையை உற்று நோக்குக. முற்கூறிய உடன்படிக்கைகள் இரண்டு மூன்று அரசுகள் கதவடைத்துச் செய்தவை. இதுவோ சிறுநாட்டுக்கும் பெருநாட்டுக்கும் ஒவ்வொரு வாக்கே உள்ள அவையிற் செய்யப்பட்டது. பயனடைவோரும் அவ்வவையில் அமர்ந்திருந்தனர்.

இவ்வேற்றுமையே நம் வினாவிற்கு விடையென்பது என் துணிபு. அரசுகள் தன்னலத்தை அடியோடு துறத்தல் அரிது. தன் குடிகளைக் காக்கக் கடமைப்பட்டதோர் அரசு அதனை முற்றுந் துறத்தல் முறையுமன்று. ஆகவே, "உன் உள்ளத்தில் தன்னலம் உண்டா?" என்று வல்லரசை வினவுவதாற் பயனில்லை. "இதனால் வாழ்வோரையும் தாழ்வோரையும் கேட்டாயா?" என்பதே கேட்கத்தக்க கேள்வி. கேட்டுச் செய்யும்போது தன்னலம் கரைகட்டிய ஆறாகிப் பிறர் வயலுக்கும் பாய்கிறது. கேளாது செய்யும்போது கரையுடைத்து ஊரை அழிக்கிறது.

புதுவையின் கதையே இதற்கும் சான்று. 1954 அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரில், மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் 178 பேர் கூடி வாக்களித்தனர். இந்தியாவோடு இணைதல் வேண்டுமென்றோர் 170 பேர். வேண்டாவென்றோர் 8 பேர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-ஆம் நாள் சட்டப்படி முழுமையுற்றது. அங்கும் பொதுமக்கள் ஒவ்வொருவரும் நேரே வாக்களித்திலர் என்பது உண்மை. இந்தோசீனத்தில் தோல்வியுற்றுத் தளர்ந்திருந்த பிரான்சும், நாட்டின் ஒருமையை நாடிய இந்தியாவும் தத்தம் நலங்கருதியே நடந்தன என்பதும் உண்மை. ஆயினும் முன்னைய உடன்படிக்கைகளாற் பன்முறை கொடிமாறிய அம்மண்ணில், மக்கள் சார்பில் 178 பேரையேனும் கேட்டு நிகழ்ந்த கொடிமாற்றம் இஃதொன்றே. பீரங்கி முழங்காது நிகழ்ந்த அது இன்றளவும் நிலைத்துள்ளது.

பிறநாட்டாரை மட்டும் உரைகல்லில் வைத்துவிட்டு நாம் ஒதுங்கி நிற்றல் தகாது. 1964 அக்டோபரில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தை எண்ணிப் பாருங்கள். மலையகத் தோட்டங்களில் நாடற்றவராய் நின்ற தமிழர் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இற் பாதிப்பாதியாகப் பகுத்தனர். தொகையை அரசுகள் முதலில் வகுத்தன. மக்கள் விண்ணப்பிக்கும் உரிமை அதன் பின்னரே வந்தது. எக்ஸ்-லா-ஷபேலில் நகரங்களை எண்ணினார்கள். இங்கே ஆட்களை எண்ணினோம். தாய் ஒரு கரையிலும் மக்கள் மறுகரையிலுமாகப் பிரிந்த குடும்பங்களின் கண்ணீருக்கு, "அண்டை நாட்டு நட்பு" என்னும் சொல் விடையாகுமா?

மாணவ நண்பர்களே! 1945-இல் தோன்றிய ஐக்கிய நாடுகள் அமைப்பில் இன்று 193 நாடுகள் உள்ளன. அவையனைத்தும் சமம் என்று அதன் சாசனம் கூறுகிறது. ஆயினும் பாதுகாப்பு அவையில், பிறர் முடிவைத் தடுக்கும் உரிமை ஐந்து நாடுகளுக்கே உண்டு. கேட்கப்படுவோரின் வட்டம் விரிந்துள்ளதேயன்றி, இன்னும் நிறைவுற்றிலது. நம்மிற் சிலர் நாளை அரசு அலுவலிலும், ஆசிரியப் பணியிலும், பத்திரிகைத் துறையிலும் அமர்வோம். "உலக நலத்துக்காக" என்னும் சொல் எந்நாட்டின் வாயினின்று வந்தாலும், நம் நாட்டின் வாயினின்றே வந்தாலும், என் பாட்டனார் கேட்ட அவ்வெளிய வினாவை நாமும் எழுப்புதல் வேண்டும்: "அவர்களை யார் கேட்டார்கள்?"