மகளின் சம்பளச் சீட்டு மட்டும் போதாது

கேள்வி: ஐயா, எனக்கு 61 வயது. நிலாவெளியில் இருக்கிறோம். மகள் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறா. அங்கே குடியுரிமையும் கிடைத்துவிட்டது. வாற தை மாதம் அவவுக்குப் பிள்ளைப்பேறு. என்னையும் இவரையும் வரச் சொல்லுகிறா. இவருக்குச் சொந்தப் படகு இருக்கு. நான் வளவுக்குள் இரண்டு அறை கட்டி, சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிறேன். போன வருஷம் நான் தனியே விசாவுக்குப் போட்டேன். மகள் ஸ்பொன்சர் கடிதம், சம்பளச் சீட்டு எல்லாம் அனுப்பியும் மறுத்துவிட்டார்கள். இப்போது ஒரு முகவர், கொழும்புக் கம்பனியில் வேலை செய்வதாகக் கடிதம் எடுத்து, வங்கியிலும் காசு போட்டுக் காட்டலாம் என்கிறார். என் பிறப்புச் சான்றிதழ் சுனாமியில் போய்விட்டது. மகளின் சான்றிதழில் என் வீட்டுப் பெயர்தான் இருக்கு. நான் என்ன செய்ய?
– வாசகி, நிலாவெளி

பதில்: அந்த வேலைக் கடிதத்தை வாங்கவே வாங்காதீர்கள் அம்மா. கனடாவின் குடிவரவுச் சட்டத்தில் 40ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பொய்த் தகவலோ பொய்ப் பத்திரமோ கொடுத்தது தெரியவந்தால் 5 ஆண்டுகளுக்கு நாட்டுக்குள் வரமுடியாதபடி தடை விதிப்பார்கள். கடிதத்தை எழுதியது முகவராக இருந்தாலும் விண்ணப்பம் உங்கள் பெயரில் போகிறது, தடையும் உங்களுக்குத்தான். பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயது வரும்வரை நீங்கள் அங்கே போகமுடியாமல் ஆகிவிடும்.

போன வருஷம் ஏன் மறுத்தார்கள் என்பது உங்கள் கடிதத்திலேயே ஓரளவு தெரிகிறது. நீங்கள் சொன்ன பத்திரங்கள் எல்லாம் மகளுடையவை. நிரந்தரமாகக் குடியேறப் போகிறவர்களுக்குத்தான் ஸ்பொன்சர் உண்டு. வருகை விசாவில் மகள் உங்களை அழைக்கிறவர், செலவைப் பார்க்கிறவர், அவ்வளவுதான். விசா அதிகாரி முதன்மையாகத் தேடுவது ஒன்றை: தரும் காலம் முடிந்ததும் இவர் ஊருக்குத் திரும்புவாரா? அதற்கான பதில் நிலாவெளியில்தான் இருக்கிறது.

அந்தப் பதில் உங்களிடம் நிறையவே இருக்கிறது. படகு கடற்றொழில் திணைக்களத்தில் பதிவாகியிருக்குமே, அந்தப் பதிவுச் சான்றிதழை எடுங்கள். உங்கள் கணவர் எத்தனை வருஷமாகத் தொழில் செய்கிறார், இப்போதும் செய்கிறாரா என்று கடற்றொழிலாளர் சங்கத்திடம் ஒரு கடிதம் வாங்குங்கள். மீன் கொடுத்த வியாபாரியின் துண்டுகள் இருந்தால் அவற்றையும் சேருங்கள். அறைகளுக்குப் பிரதேச சபை உரிமம் இருந்தால் அதன் பிரதி, விருந்தினர் முன்பதிவு செய்த பட்டியல், வந்த பணம் வங்கியில் விழுந்த பதிவு ஆகியவை வேண்டும். கிராம சேவையாளரின் வதிவிடச் சான்றிதழில் குச்சவெளிப் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் இருக்கட்டும். காணிக்கு உறுதி இல்லாமல் அரச அனுமதிப்பத்திரம் மட்டும் இருந்தால் தயங்க வேண்டாம். கிழக்கில் ஏராளமான குடும்பங்கள் அப்படித்தான் காணி வைத்திருக்கின்றன. அது என்ன பத்திரம் என்று இரண்டு வரி விளக்கம் சேர்த்து அனுப்புங்கள்.

இவற்றோடு நீங்களே ஒரு பக்கக் கடிதம் எழுத வேண்டும். பலர் எழுதாமல் விடுவது இதைத்தான். ஆனால் எல்லாப் பத்திரத்தையும் கோத்துக் காட்டுவது அந்த ஒரு பக்கம்தான். உங்களுக்குக் காலமும் துணை நிற்கிறது. தை மாதம் நம் கரையில் வாடைக் காலம், கடல் கொந்தளிக்கும், புறாமலைக்குப் படகு ஓட்டமும் குறையும், அறைகளும் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கும். சித்திரைக்குப் பிறகுதான் கடல் அடங்கித் தொழிலும் விருந்தினரும் ஒன்றாக வருவார்கள். ஒட்டாவாவிலோ வேறெங்கோ இருந்து கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு இது தெரிய வாய்ப்பில்லை. ‘தொழில் மந்தமான மாதங்களில் வருகிறோம், சீசன் தொடங்குமுன் திரும்புகிறோம்’ என்று திகதியோடு எழுதுங்கள். நீங்கள் இல்லாத நாட்களில் படகையும் வளவையும் யார் பார்ப்பார்கள் என்பதையும் சொல்லுங்கள். இருவரும் ஒன்றாகக் கிளம்பும்போது அந்தக் கேள்வி கட்டாயம் எழும்.

வங்கிக் கணக்கில் இரவல் காசு போடவேண்டாம். ஆறு மாதக் கூற்றில் திடீரென்று விழுந்த பெரிய தொகை முதலில் கண்ணில் படும். சிறிய வரவாக இருந்தாலும் மாதாமாதம் வந்து போவதற்கு மதிப்பு உண்டு. மகள் அனுப்பும் பணத்தை மகள் அனுப்புவதாகவே காட்டுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

மகளின் அழைப்புக் கடிதத்தில் உங்கள் இருவரின் முழுப்பெயர், பிறந்த திகதி, முகவரி, உறவு, வருகிற காரணம், தங்கும் காலம், எந்தத் திகதியில் திரும்புவீர்கள், செலவை யார் ஏற்பது, தன் வேலை, வீட்டில் எத்தனை பேர் என்பன இருக்கவேண்டும். கூடவே குடியுரிமைச் சான்று, வேலைக் கடிதம், வருமானவரி மதிப்பீட்டு அறிவித்தல், பிள்ளைப்பேற்றுத் திகதி குறித்த வைத்தியர் கடிதம்.

இனிப் பெயர்ச் சிக்கல். சுனாமியில் போனது உங்கள் கையில் இருந்த பிரதிதான். பதிவேடு மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் இருக்கும். பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் புதிய பிரதி பெறலாம். தேடியும் பதிவு கிடைக்காவிட்டால் அனுமான வயதுச் சான்றிதழுக்கு வழி உண்டு. வீட்டுப் பெயரும் கடவுச்சீட்டுப் பெயரும் ஒரே ஆளுடையவை என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடியுங்கள். தாயும் மகளும் என்ற உறவே இந்த விண்ணப்பத்தின் அடிப்படை. அது பெயர்க் குழப்பத்தில் அடிபடக்கூடாது. தமிழ், சிங்களப் பத்திரங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலமாக்குங்கள். குடும்பத்தவர் மொழிபெயர்த்தால் ஏற்கமாட்டார்கள்.

போன வருஷ மறுப்பை மறைக்காதீர்கள், அது அவர்களின் கோப்பிலேயே இருக்கிறது. மறுத்தபோது அதிகாரி எழுதிய குறிப்புகளை, உங்கள் சம்மதக் கடிதத்தோடு மகள் அங்கிருந்தே தகவல் அறியும் சட்டத்தின் கீழ் 5 டொலர் கட்டிக் கேட்டுப் பெறலாம். அதைப் படித்துவிட்டுப் புதிய விண்ணப்பத்தை எழுதுவது நல்லது.

சூப்பர் விசா பற்றியும் யாராவது சொல்லுவார்கள். பெற்றோருக்கும் பேரன் பேத்தி கண்டவர்களுக்குமான அந்த விசாவில், 2022 ஜூலையிலிருந்து ஒரு முறைக்கு 5 ஆண்டுவரை தங்கலாம். ஆனால் குறைந்தது 1,00,000 கனேடிய டொலர் மருத்துவக் காப்புறுதி, மருத்துவப் பரிசோதனை, குடும்ப அளவுக்கேற்ற மகளின் வருமானம் எல்லாம் வேண்டும். மூன்று மாதப் பயணத்துக்கு அவ்வளவு செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

ஒவ்வொருவருக்கும் விசாக் கட்டணம் 100 கனேடிய டொலர். கைரேகைக்கு 85. கைரேகை 10 ஆண்டு செல்லும் என்பதால், போன வருஷம் நீங்கள் கொடுத்திருந்தால் மறுபடி வேண்டியதில்லை. உங்கள் கணவர் மட்டும் கொழும்பிலுள்ள விசா நிலையத்துக்குப் போய்வந்தால் போதும். விசா கிடைத்ததும் எல்லாவற்றின் பிரதியையும் கைப்பையில் வையுங்கள். ரொறன்ரோ விமான நிலையத்தில் எல்லை அதிகாரி மறுபடி கேட்கலாம். வழக்கமாக ஆறு மாதம் தருவார்கள். கடவுச்சீட்டில் வேறு திகதி எழுதினால் அந்தத் திகதிக்கு முன் புறப்பட்டுவிடுங்கள்.