ஸ்டீராய்டு மாத்திரையும் தோல் அரிப்பும்



இழுப்பு, மூட்டுவாதம் போன்ற அழற்சி நோய்களுக்குப் பிரெட்னிசலோன் முதலிய ஸ்டீராய்டு மாத்திரைகளை டாக்டர்மார் கொடுப்பதுண்டு. இவ்வகை மருந்தை 1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் மூட்டுவாத நோயாளிக்கு முதன்முதலாகக் கொடுத்தார்கள். முடங்கிக் கிடந்தவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். இதற்காக ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டீன் ஆகிய மூவருக்கும் 1950இல் நோபல் பரிசு கிடைத்தது.

அழற்சியை அடக்கும் மருந்துதானே, அப்படியானால் இதைக் குடிக்கும்போது உடம்பு ஏன் அரிக்கிறது? இம்முறை நாம் படிக்கப்போவது இதைத்தான்.

ஸ்டீராய்டு அழற்சியை மட்டும் அடக்குவதில்லை. கிருமியோடு சண்டை போடும் நமது உடம்பின் பலத்தையும் சேர்த்தே குறைக்கிறது. அதனால் ஒளிந்திருந்தவை தலைதூக்கும்.

படர்தாமரை: மழையில் நனைந்த உடுப்போடு நாள் முழுக்கக் கொழுந்தெடுத்தால் இடுப்பிலும் தொடையிடுக்கிலும் வட்டமாகப் படரும். பாமசியில் சும்மா வாங்கும் ஸ்டீராய்டு கிறீமைப் பூசினால் அரிப்பு அடங்கும். ஆனால் படர்தாமரை உள்ளுக்குள் பரவும்.

சிரங்கு: இரவில் அரிப்பு கூடும். விரலிடுக்கு, மணிக்கட்டில் தெரியும். லயத்தில் ஒருவருக்கு வந்தால், அரிக்காதவர் உட்பட வீட்டார் அனைவரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும்.

மண்புழுதியில் வாழும் நுண்புழு: ஸ்ட்ரோங்கிலொயிடஸ் என்பது இதன் பெயர். வெறுங்காலோடு நடக்கையில் தோல் வழியே நுழையும். இடுப்பு, பிட்டம், தொடையில் சிவப்புக் கோடாக ஓடி அரிக்கும். 1942-43இல் சயாம்-பர்மா ரயில் பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் தமிழ்த் தொழிலாளரையும் ஜப்பானியர் கொண்டுபோனார்கள். அங்கே உழைத்த பிரிட்டிஷ் போர்க்கைதிகள் சிலரைப் பல பத்தாண்டுகள் கழித்துச் சோதித்தபோதும் இந்தப் புழு உயிரோடு இருந்தது! ஸ்டீராய்டு குடிப்பவரிடம் இது பெருகி நுரையீரல் வரை பரவினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஓடும் கோடு போன்ற அரிப்பிருந்தால் டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள். சோதனையும் உண்டு, மருந்தும் உண்டு.

சர்க்கரை: ஸ்டீராய்டு இரத்தத்தில் சீனியைக் கூட்டும். தாகமும், அடிக்கடி சிறுநீரும், மறைவிடத்தில் அரிப்பும் இருந்தால் இரத்தம் சோதிக்க வேண்டும்.

வறட்சி: யாழ்ப்பாணத்துத் தீவகத்தில், புளியங்கூடல் போன்ற ஊர்களில், வெயிலும் கடற்காற்றும் தோலைக் காயவைக்கும். இங்கே மலையிலோ குளிரும் சுடுதண்ணீர்க் குளிப்பும் அதையே செய்யும். நீண்ட நாள் ஸ்டீராய்டு குடிப்பவரின் தோல் மெலிந்துபோகும். சொறிந்த புண்ணும் லேசில் ஆறாது. நகத்தை ஒட்ட வெட்டி, குளித்ததும் தேங்காயெண்ணெய் பூசுங்கள்.

"மாத்திரைதான் எனக்குச் சேரல, நிப்பாட்டிட்டேன்" என்று சிலர் சொல்வார்கள். இது பெரிய தவறு. சிறுநீரகத்தின் மேலே தொப்பி போல் இருக்கும் சுரப்பிதான் உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தினமும் செய்கிறது. வெளியிலிருந்து மாத்திரை பல வாரம் வந்தால், சுரப்பி தன் வேலையை விட்டுவிடும். மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் இரண்டுமே இல்லாமல் வாந்தி, மயக்கம் வந்து உயிருக்கே மோசமாகலாம். டாக்டர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

நினைவில் வைப்போம்:

1. அரிப்பு வந்தால் மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது.
2. பக்கத்து லயத்து அக்காவின் கிறீமைக் கடன் வாங்கிப் பூசக் கூடாது.
3. எந்த டாக்டரிடம் போனாலும் "நான் ஸ்டீராய்டு குடிக்கிறேன்" என்று சொல்லி, மருந்துச் சீட்டைக் காட்ட வேண்டும்.
4. மலைக்கும் கக்கூசுக்கும் செருப்பில்லாமல் போகக் கூடாது.
5. உதடு, முகம் வீங்கினால், மூச்சுத் திணறினால், காய்ச்சலோடு தோல் கொப்பளித்தால், தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் இதை வீட்டுப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் குடிக்கும் மாத்திரையின் பெயரையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.