கேபிளை வாங்கும் முன் சிப்பைக் கேளுங்கள்

இன்ஜின் விளக்கு எரிந்ததும் ஷோப்பியில் ஸ்கேனர் தேடுகிறவர்கள் விலையையும் நட்சத்திரங்களையும்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் சிப்பை. டிரைவர் தலைவலி அங்கேதான் தொடங்குகிறது.

மைவி, சாகா வைத்திருப்பவர், பிழைக்குறியைப் படித்து அழித்தால் போதும் என்றால் இஎல்எம் 327 புளூடூத் கருவியே தாராளம். இருபது, முப்பது வெள்ளிதான், டிரைவரும் வேண்டாம். 1234 என்று போட்டுக் கைப்பேசியோடு இணைத்தால் சரி. ஐபோன் என்றால் வைஃபை வகை வாங்குங்கள், செயலியில் 192.168.0.10, போர்ட் 35000 என்று கொடுக்க வேண்டியிருக்கும். ஏர்பேக், ஏபிஎஸ் பக்கம் இந்தக் கருவி அநேகமாக எட்டிப் பார்க்காது.

அதற்கு மேல் போக மடிக்கணினியும் கேபிளும் வேண்டும். ஃபோக்ஸ்வேகன்காரர்களுக்கு விற்கப்படும் மலிவான கேகேஎல் கேபிள், காரில் ஸ்கேனர் செருகும் சாக்கெட்டின் 7ஆம் பின்னில் இருக்கும் கே-லைன் என்ற தகவல் கம்பியில் மட்டுமே பேசும். பழைய கார்களுக்கு அது போதும். பெக்கானில் பொருத்தப்பட்ட போலோவின் இன்ஜின் கணினியோ 6, 14ஆம் பின்களில் கேன் என்ற வலையமைப்பு வழியாகப் பேசுகிறது. டிரைவரை எத்தனை முறை ஏற்றினாலும் அங்கே பதில் வராது.

கேபிளைக் கணினியோடு பேச வைக்கும் சிப்பில் எஃப்டிடிஐ நிறுவனத்துடையது நல்லது, அசலாக இருந்தால். 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியே வந்த அந்த நிறுவனத்தின் டிரைவர், போலி சிப்புகளின் அடையாள எண்ணை 6001இலிருந்து 0000 ஆக்கிவிட்டது. நேற்றுவரை ஓடிய கேபிளை மறுநாள் கணினிக்கு அடையாளம் தெரியவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. போலி எஃப்டிடிஐயைவிட, தன் பெயரைச் சொல்லியே விற்கப்படும் சிஎச் 340 எனக்கு மேல். விண்டோஸ் 10 பெரும்பாலும் அதற்கான டிரைவரைத் தானே தேடிக்கொள்ளும்.

வியோஸுக்கு மினி விசிஐ கேபிளும் டெக்ஸ்ட்ரீம் மென்பொருளும் வாங்கினால் வேறு சங்கடம். கூட வரும் டிரைவர் 32-பிட் விண்டோஸுக்கானது. 64-பிட்டில் நிறுவல் கோப்பே மறுக்கும். ரெஜிஸ்ட்ரியைத் திருத்திச் சமாளிக்கிறார்கள். ஜேபி ஹாலிடே பிளாசா பக்கம் பழைய மடிக்கணினி ஒன்றைப் பிடித்து, விண்டோஸ் 7 32-பிட் போட்டு, இணையம் இல்லாமல் இதற்கென்றே வைத்துக்கொள்வதே நிம்மதி. கேபிளோடு வரும் குறுந்தட்டில் என்னென்ன ஒளிந்திருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. மேபேங்க் கணக்கைத் திறக்கும் கணினியில் அதைப் போடாதீர்கள்.

இணைப்பு வரவில்லையா? டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். கோட் 28 என்றால் டிரைவர் ஏறவில்லை. கோட் 52 என்றால் டிரைவரின் கையொப்பத்தை விண்டோஸ் ஏற்கவில்லை. பிஎல் 2303 சிப்பில் கோட் 10 வந்தால், போலியோ பழையதோ ஆன சிப்பைப் புது டிரைவர் ஒதுக்குகிறது. பழைய பதிப்பை ஏற்றிப் பாருங்கள். எல்லாம் சரியாகத் தெரிந்தும் மென்பொருள் கேபிளைக் காணவில்லை என்றால் காம் போர்ட் எண்ணை 1 முதல் 4க்குள் மாற்றுங்கள். பழைய மென்பொருள்கள் சில அதற்கு மேல் தேடுவதில்லை. எஃப்டிடிஐ கேபிளில் இணைப்பு விட்டு விட்டு அறுந்தால், போர்ட் அமைப்பில் லேட்டன்சி டைமரை 16இலிருந்து 2 ஆகக் குறையுங்கள். இதற்கெல்லாம் முன், சாவி 'ஆன்' நிலையில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.