வீட்டுக்கு எந்தப் பறவை?

வளர்ப்புப் பறவையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கழித்துவிட வேண்டியது பச்சைக்கிளி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளி, மைனா, முனியா போன்ற நாட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் அடைப்பதும் குற்றம். கிளி ஜோசியருக்கும் இதில் விலக்கில்லை. கடைகளில் முறையாகக் கிடைப்பவை பெரும்பாலும் ஆஸ்திரேலியாவையோ ஆப்பிரிக்காவையோ பூர்வீகமாகக் கொண்டு, இங்கே கூண்டிலேயே பொரிந்து வளர்ந்த இனங்கள். அவற்றுள் எது என்பதை நிறத்தைவிட, வீட்டிலிருப்பவர்கள் அதற்கு ஒதுக்கக்கூடிய நேரமே தீர்மானிக்க வேண்டும்.

காலையில் பூட்டி இரவில் திறக்கும் வீட்டுக்கு ஃபிஞ்ச் போதும். அது கையில் ஏறாது, ஏறவும் விரும்பாது. துணையோடு நீளமான கூண்டில் விட்டால் பறந்துகொண்டு தன்போக்கில் இருக்கும்.

பழக்க விரும்பும் புதியவருக்கு பட்ஜி. தமிழ்நாட்டில் பலரும் லவ் பேர்ட்ஸ் என்று வாங்கி வருவது இந்த ஆஸ்திரேலியப் பறவையைத்தான். 5 முதல் 10 ஆண்டுவரை வாழும். உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்க இனம். அழகு அதிகம், முன்கோபமும் அதிகம். இரண்டையும் ஒரே கூண்டில் விட்டால் பட்ஜியின் கால்விரல்கள் தப்புவது கடினம்.

காக்டெயில் என்ற கிளி வகை மனிதரோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும், சீட்டியடிக்கும். ஆனால் 15, 20 ஆண்டுப் பொறுப்பு. தினமும் சிறிது நேரமாவது கூண்டுக்கு வெளியே விட வேண்டும். இறகிலிருந்து வெண்பொடி உதிர்வதால் ஆஸ்துமா உள்ள வீட்டுக்கு ஆகாது. ஊர் மாறும் குடும்பங்கள் வளர்ந்த காக்டெயிலைக் கைமாற்றிக் கொடுப்பதுண்டு. ஏற்கெனவே பழகியது என்பதால் குஞ்சு வாங்குவதைவிட இது நல்லது. தன் இறகைத் தானே பிடுங்கியிருந்தால் மட்டும் காரணம் கேட்க வேண்டும்: தனிமையாக இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம்.

ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி 40 ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. ஐம்பது வயதில் வாங்குபவர் அதைப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே வாங்குகிறார். காட்டில் பிடித்தவற்றின் பன்னாட்டு வணிகம் 2017 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள இத்தகைய இனங்களை வைத்திருப்போர் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். பட்ஜியும் காக்டெயிலும் அப்பட்டியலில் இல்லை.

எந்த இனமானாலும் வெறும் தினை போதாது. நாளடைவில் வைட்டமின் ஏ குறையும். கேரட், முருங்கைக்கீரை கொடுக்கலாம்; சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு. அவகாடோவும் சாக்லேட்டும் நஞ்சு. அடுப்பில் மறந்துபோன நான்-ஸ்டிக் சட்டி அளவு மீறிக் காய்ந்தால், அதன் ஆவி சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். கூண்டைச் சமையலறையில் வைக்கவே கூடாது.

நாய்க்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்க்கும் எல்லா மருத்துவரும் பறவை பார்ப்பதில்லை. பார்ப்பவரை வாங்கும் முன்பே தேடி வைப்பது நல்லது, ஏனென்றால் பறவை நோயை மறைக்கும். உடலை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்காரும்போது நிலைமை முற்றியிருக்கும். வீட்டில் முன்பே பறவை இருந்தால், புதிதாக வந்ததை ஒரு மாதம் வேறு அறையில் வைத்துப் பார்த்தபின் சேர்க்கலாம்.