நெடிய இரவும் நிறைந்த வீடும்

நுழையும்முன்
விழா என்றதும் கோவிலும் தேவாலயமும் ஊர்வலமும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், உலகின் குளிர்கால விழாக்கள் பலவற்றுக்கு வீடே களம். யார் விளக்கேற்றுவது, யார் மாவைப் பிசைவது, யாருக்கு முதலில் பரிமாறுவது என்பவையே அங்குச் சடங்குகள். வெவ்வேறு சமயங்களையும் நிலங்களையும் சேர்ந்த குடும்பங்கள் குளிர்காலத்தை எவ்வாறு கூடிக் கடக்கின்றன என்பதை இக்கட்டுரை காட்டுகிறது.

ஆண்டின் மிக நீண்ட இரவு டிசம்பர் 21 அல்லது 22ஆம் நாளையொட்டி வருகிறது. சென்னையில் அவ்விரவு ஏறத்தாழ 12½ மணி நேரம். பிற இரவுகளினின்று அதனைப் பிரித்தறிவதே கடினம். ஈரானின் தலைநகராகிய தெஹ்ரானில் அது 14 மணி நேரத்தைக் கடக்கிறது. சுவீடனின் ஸ்டாக்ஹோமிலோ ஏறத்தாழ 18 மணி நேரம் நீள்கிறது; பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுகிறான். வெயிலைக் கடப்பதையே பெரும்பாடாகக் கொண்ட நமக்கு இருளைக் கடத்தல் என்பது முழுமையாக விளங்குவது அரிது. குளிர்நிலத்து மக்களுக்கோ அது விறகையும் சேமித்த உணவையும் கொண்டு ஆண்டுதோறும் தீர்க்கவேண்டிய கணக்கு.

ஈரானின் யல்தா இரவு

ஈரானியர் தம் கதிரவ நாட்காட்டியில் இலையுதிர்காலத்தின் இறுதி இரவை ‘யல்தா’ என்கின்றனர். பிறப்பு என்னும் பொருளுடைய இச்சொல் சிரியாக் மொழியிலிருந்து வந்தது. ‘செல்லே’ என்ற பெயரும் இவ்விரவுக்கு உண்டு. நாற்பது என்னும் எண்ணின் அடியாகப் பிறந்த அப்பெயர், அன்று தொடங்கும் கடுங்குளிரின் நாற்பது நாள்களைக் குறிக்கும்.

அன்று குடும்பத்தின் கிளைகள் யாவும் மூத்தவர் வீட்டில் கூடுகின்றன. தாழ்வான மேசையின் அடியில் கணப்பு வைத்து, மேலே பெரிய மெத்தைப் போர்வையை விரித்து, அதனுள் கால்களை நீட்டியபடி எல்லாரும் சுற்றி அமர்வது பழைய வழக்கம். ‘கொர்சி’ எனப்படும் அம்மேசையின் அமைப்பு உறவுக்கும் உதவியது. ஒரே கணப்பைப் பகிர்வோர் நெருங்கி அமர்ந்தேயாக வேண்டுமல்லவா? மேசைமேல் மாதுளையும் உலர்பழங்களும் பருப்பு வகைகளும் நிறைந்திருக்கும். நடுவே தருப்பூசணியும் இடம்பெறும். கோடைக்குரிய அப்பழத்தைக் கடுங்குளிரில் தேடி வைப்பது வியப்பளிக்கலாம். யல்தா இரவில் அதனை உண்டவரை வரும் கோடையின் வெம்மை வருத்தாது என்பது அவர்கள் நம்பிக்கை.

உண்டபின் ஹாஃபிஸ் வருகிறார். பதினான்காம் நூற்றாண்டில் ஷிராஸ் நகரில் வாழ்ந்த அக்கவிஞரின் நூல் ஈரானிய இல்லங்களில் பரவலாகக் காணப்படுவது. ஒருவர் மனத்துள் ஒன்றை நினைத்துக்கொள்ள, மூத்தவர் நூலை ஏதேனும் ஒரு பக்கத்தில் திறந்து அங்குள்ள கவிதையைப் படிக்கிறார். அக்கவிதை நினைத்ததற்கு விடையாகிறது. ஓலைச்சுவடியில் கயிறு சாத்திக் குறி பார்த்த நம் பழைய வழக்கத்தை இது நினைவூட்டுகிறது. குறி பலித்ததா என்பது ஒருபுறம் இருக்கட்டும். பேரனின் உள்ளத்தில் என்ன இருக்கக்கூடும் என்று ஊகித்துப் பாட்டனார் பொருள் சொல்லும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே இவ்வழக்கம் நிலைத்திருக்க வேண்டும் எனத் தோன்றுகிறது. அயல்நாடுகளில் சிதறி வாழும் ஈரானியர் இன்று அக்கவிதையை அலைபேசித் திரையின் வழியே கேட்கின்றனர்.

தெரியுமா?
ஈரானும் ஆப்கானித்தானும் இணைந்து முன்வைத்த யல்தா விழா, 2022ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் மானுடத் தொட்டுணராப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

எட்டு நாள் விளக்கு

இக்காலத்து விழாக்கள் அனைத்தையும் ‘இருளை வெல்லும் ஒளி’ என்ற ஒரே தொடருக்குள் அடக்கிவிடுவோர் உளர். அது எளிதான வழி, சரியான வழியன்று. யூதர்களின் ஹனுக்கா இதற்குச் சான்று. அது வானத்தைக் குறித்த விழா அன்று. வரலாற்றைக் குறித்த விழா. செலூக்கிய அரசன் நான்காம் அந்தியோகஸ் யூதர்களின் வழிபாட்டைத் தடுத்து எருசலேம் கோவிலை மாசுபடுத்தினான். அதனை மீட்டோர் பொ.ஆ.மு. 164ஆம் ஆண்டளவில் கோவிலை மீண்டும் புனிதப்படுத்தினர். அதன் நினைவாகவே கிஸ்லேவ் மாதத்து 25ஆம் நாள் தொடங்கி எட்டு நாள் விளக்கேற்றுகின்றனர்.

முதல் நாள் ஒரு சுடர், மறுநாள் இரண்டு என எட்டாம் நாள் எட்டுச் சுடர்கள். ஏற்றுவதற்கென்று நாள்தோறும் தனியே ஒரு துணைச்சுடர் உண்டு. ஆகவே விழா முழுமைக்கும் 44 மெழுகுவத்திகள் தேவை. இம்முறை எதிர்ப்பின்றி நிலைபெற்றதன்று. முதல் நாளே எட்டையும் ஏற்றி நாளுக்கு ஒன்றாகக் குறைக்க வேண்டும் என்றது ஷம்மாய் என்பாரின் வழியினர் கட்சி. தூயவற்றில் கூட்டுதல் வேண்டும், குறைத்தல் ஆகாது என்றது ஹில்லேல் வழியினர் கட்சி. பின்னதே வென்றது. விளக்குகளைத் தெருவோர் காணும்படி சாளரத்தில் வைக்கின்றனர். அவ்வொளியில் வேறு வேலை செய்வதில்லை. எனவே, சுடர் எரியும் வரை வீட்டார் கதை சொல்லியும் எண்ணெயில் பொரித்த பண்டங்களை உண்டும் அமர்ந்திருக்கின்றனர்.

எண்பத்தோர் இதழ்கள்

சீனக் குடும்பங்கள் நெடிய இரவுடைய நாளைத் ‘தோங்ஜி’ எனக் கொண்டாடுகின்றன. வடக்கே பூரணம் பொதிந்த மாக்கொழுக்கட்டைகளும், தெற்கே அரிசிமாவை உருட்டிச் செய்யும் ‘தாங்யுவான்’ உருண்டைகளும் அன்றைய உணவு. ‘தாங்யுவான்’ என்பதன் ஒலி, குடும்பம் ஒன்றுகூடுதலைக் குறிக்கும் ‘துவான்யுவான்’ என்னும் சொல்லை ஒத்தது. அன்றிலிருந்து ஒன்பது ஒன்பதாக 81 நாள்களை எண்ணிக் குளிரைக் கடப்பது அவர்தம் மரபு. இலையற்ற ஒரு மரக்கிளையில் மொத்தம் 81 இதழ்கள் கொண்ட பூக்களைக் கோடுகளால் மட்டும் வரைந்து சுவரில் மாட்டுவர். நாளுக்கு ஓர் இதழ் என வண்ணம் தீட்டி வருவர். கடைசி இதழ் சிவக்கும்போது வெளியே இளவேனில் வந்திருக்கும்.

நாள் நகர்ந்தது, விழா நின்றது

சுவீடனில் டிசம்பர் 13 புனித லூசியாவின் நாள். விடியுமுன் வீட்டின் மூத்த மகள் வெள்ளை உடையும் சிவப்பு இடைக்கச்சையும் அணிந்து, தலையில் மெழுகுவத்திகள் செருகிய முடியுடன், குங்குமப்பூ சேர்த்துச் சுட்ட ரொட்டியையும் காப்பியையும் ஏந்திச் சென்று பெற்றோரை எழுப்புகிறாள். புனிதர்களிடம் வேண்டுதல் செய்யும் வழக்கத்தைக் கைவிட்ட லூத்தரன் மரபினர், சிசிலித் தீவைச் சேர்ந்த ஒரு புனிதரின் நாளை விடாது போற்றுவது கருதத்தக்கது. இடைக்காலத்தில் வழங்கிய ஜூலியன் நாட்காட்டியின்படி நெடிய இரவு அந்நாளையொட்டி வந்தது. 1753இல் சுவீடன் கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறியது. நெடிய இரவு டிசம்பர் 21ஐ ஒட்டி அமைந்தது. லூசியாவோ 13ஆம் நாளிலேயே நின்றுவிட்டாள்.

இத்தகைய பிரிவு நம் நாட்டிலும் நேர்ந்திருக்கிறது. பஞ்சாபில் சீக்கியரும் இந்துக்களும் சனவரி 13 அன்று தீமூட்டி எள்ளுருண்டையும் நிலக்கடலையும் பகிர்ந்துண்ணும் லோரி, மறுநாள் வரும் மகர சங்கராந்தியை ஒட்டியது. நம் பொங்கலும் அச்சங்கராந்தியின் நாளே. கதிரவன் வடக்கு நோக்கித் திரும்பும் உத்தராயணத் தொடக்கமாக மரபு அதனைக் கொள்கிறது. ஆனால், அத்திருப்பம் டிசம்பர் 21 அல்லது 22ஆம் நாளிலேயே நிகழ்ந்துவிடுகிறது. புவியின் அச்சு மெல்லத் தலைசுற்றுவதால், விண்மீன்களைக் கொண்டு கணிக்கும் ஆண்டு, பருவங்களைக் கொண்டு கணிக்கும் ஆண்டைவிட ஏறத்தாழ 20 நிமிடம் நீண்டது. ஏறத்தாழ 1700 ஆண்டுகளுக்கு முன் ஒன்றாயிருந்த இரு நாள்களும் இன்று மூன்று வாரங்களுக்கும் மேலாக விலகி நிற்கின்றன.

ஆயினும் அந்நாளை வீடுகள் விடவில்லை. ஈரானில் மணம் உறுதியான பெண்ணுக்கு அவளை மணக்கவிருப்பவன் வீட்டார் யல்தாப் பரிசு அனுப்புகின்றனர். புதுமணப்பெண்ணோ புதிதாய்ப் பிறந்த குழந்தையோ உள்ள வீட்டில் முதல் லோரி தனிச்சிறப்புப் பெறுகிறது. தமிழகத்தில் தலைப்பொங்கலுக்கு வெண்கலப் பானையும் பச்சரிசியும் வெல்லமும் கரும்பும் மஞ்சள்கொத்தும் தாய்வீட்டிலிருந்து மகள் வீட்டுக்குச் செல்கின்றன. மார்கழி முடியும் தறுவாயில், வீட்டின் முதல் மகளுக்குச் சீர் கொண்டுபோக எந்த வண்டி, யார் யார் போவது என்ற பேச்சு இன்றும் பல வீடுகளில் நடக்கிறது.